விளக்கேந்தியவர்கள் – 17: கேட்க ஓர் ஆள்

முதலில் பையைத் திறக்கச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிரசவம் பார்த்துப் பிழைத்த மருத்துவச்சிகளுக்கு இது பழகிப்போன சங்கதி. பிரசவத்துக்கென்றே தனியாக ஒரு பை இருக்க வேண்டும்; வேறு சாமான் எதையும் அதில் போடக் கூடாது; உள்ளுறை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதற்குள் கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், நகம் தேய்க்கும் பிரஷ், சிறுநீர்க் குழாய், எனிமாவுக்கு ஒரு கருவி, பிறப்புறுப்பைக் கழுவ வேறொரு கருவி, கைக்குக் கிருமிநாசினி. பை முடிந்ததும் உடுப்பு: துவைக்கக்கூடிய துணியில் தைத்ததா, அழுக்கில்லாமல் இருக்கிறதா? அப்புறம் பிரசவப் பதிவேடு. அதற்கும் அப்புறம் அவள் குடியிருக்கும் வீடு. வந்திருப்பவர் உள்ளூர்க் கவுன்சில் அனுப்பிய இன்ஸ்பெக்டர்.

1902இல் நிறைவேறிய மருத்துவச்சிகள் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதுவரை அக்கம்பக்கத்துப் பிரசவங்களைப் பார்த்துவந்த பெண்களுக்குப் படிப்பும் கிடையாது, பதிவும் கிடையாது. பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்ததும் மத்திய மருத்துவச்சிகள் வாரியம் ஒன்று அமைந்தது. 1905க்குள் அதன் பட்டியலில் 22,000க்கும் மேற்பட்ட பெயர்கள் ஏறின. அவர்களில் பாதிக்கும் மேல் சான்றிதழ் இல்லாதவர்கள். ஏற்கெனவே இந்தத் தொழிலைச் செய்துவந்தார்கள், நன்னடத்தை உண்டு என்ற அடிப்படையில் சேர்க்கப்பட்டவர்கள். இவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளூர்க் கவுன்சில்களிடம் போனது. கவுன்சில்கள் அனுப்பிய இன்ஸ்பெக்டர்களில் பலர் பிரசவமே பார்த்திராதவர்கள்.

இந்தச் சோதனையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கை கழுவாத விரல் ஒரு தாயைக் கொல்லும் என்று தெரிந்த பிறகு, யாராவது போய்ப் பையைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தான் பார்த்த பிரசவத்தில் தாய் இறந்தால், குழந்தை இறந்தே பிறந்தால், காய்ச்சல் கண்டால், மருத்துவச்சி உடனே கவுன்சிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். தொற்றுப் பரவாமலிருக்க அவளைத் தொழிலிலிருந்து நிறுத்திவைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நிறுத்திவைத்த நாட்களுக்கு இழப்பீடு தர வழி செய்தது 1918ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளும் அந்த நாட்களில் அடுப்பெரிய வைப்பது அவள் பாடு. தன் கண்ணெதிரே ஒரு தாய் செத்துப்போன இரவை அவள் யாரிடம் சொல்லியிருப்பாள்? இன்ஸ்பெக்டரிடமா?

அந்தக் கேள்வி அரசாங்கத்தின் காதிலும் மெல்ல விழுந்தது. 1936இல் மருத்துவச்சிகளுக்குச் சம்பளத்தோடு கூடிய பணி அமைப்பு வந்தது. மறு ஆண்டே சுகாதார அமைச்சகம், இன்ஸ்பெக்டர் என்ற பதவியை மேற்பார்வையாளர் என்று மாற்றச் சொன்னது; அந்தப் பதவியில் இருப்பவர் குறை தேடும் அதிகாரியாக அல்லாமல், யோசனை சொல்லும் தோழியாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. நல்ல எண்ணம். ஆனால் புகார் வந்தால் விசாரிப்பதும், தேவைப்பட்டால் தொழிலிலிருந்து நிறுத்திவைக்கும் நடவடிக்கையைத் தொடங்குவதும் அதே தோழியின் கையில்தான் இருந்தன. இந்த முடிச்சு அவிழ இன்னும் எண்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

மருத்துவச்சி வீடு வீடாகத் தனியே போனவள். ஆஸ்பத்திரிச் செவிலிக்கோ மேலே எப்போதும் ஒரு கண் இருந்தது. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் நைட்டிங்கேல் பள்ளி திறந்தபோதே, மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார் மாதந்தோறும் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் படிவம் நிரப்பினார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், உடல் தூய்மை என்று தனித்தனிக் கட்டங்கள். மாணவிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும். அதை நைட்டிங்கேலே வாங்கிப் படிப்பார். பின்னாளில் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுப் பேசவும் செய்தார். அந்தப் பேச்சில் பரிவு இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது.

அந்த அமைப்பு நூறு வருடம் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அதை முதன்முதலில் உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தவர் செவிலி அல்ல. ஸ்காட்லாந்தில் பிறந்து, பொருளாதாரமும் உளவியலும் படித்து, லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தில் மனப்பகுப்பாய்வாளராக இருந்த இசபெல் மென்சிஸ்.

1950களின் பிற்பகுதியில் லண்டனின் பெரிய போதனா மருத்துவமனை ஒன்று டாவிஸ்டாக் நிறுவனத்தை நாடியது. அங்கே செவிலியர் ஏறத்தாழ 700 பேர்; பயிற்சி முடித்தவர்கள் 150 பேர்தான், மற்றவர்கள் மாணவிகள். வார்டுகளின் ஆள்தேவையும் மாணவிகளின் பயிற்சித் தேவையும் ஒன்றோடொன்று மோதின. மாணவிகளை எந்த வார்டுக்கு எப்போது அனுப்புவது என்ற கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்பதுதான் மென்சிஸுக்கு வந்த வேலை. போய் உட்கார்ந்து பேசியவர், கணக்குக்குக் கீழே வேறொன்று இருப்பதைக் கண்டார்: பயம்.

பதினெட்டு வயதுப் பெண் அந்நிய மனிதர்களின் நிர்வாண உடம்பைத் துடைக்கிறாள், மலம் அள்ளுகிறாள், சாகப்போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரக்கம், அருவருப்பு, குற்ற உணர்வு, உள்ளுக்குள் எங்கோ ஒரு கோபம் எல்லாம் சேர்ந்து அவளை அழுத்துகின்றன. இதைத் தாங்க மருத்துவமனை அவளுக்கு என்ன கொடுத்தது? அவள் நோயாளியோடு ஒட்டாமலிருக்க ஆயிரம் வழி கொடுத்தது. ஒரு நோயாளிக்கு முழுதாக ஒரு செவிலி என்பது கிடையாது. முப்பது பேருக்கும் வெப்பம் பார்ப்பவள் ஒருத்தி, முப்பது பேருக்கும் படுக்கை விரிப்பவள் இன்னொருத்தி. ஆளுக்குப் பெயர் போய்க் கட்டில் எண் வந்தது, இல்லாவிட்டால் கெட்டுப்போன உறுப்பின் பெயர் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு முறை, அந்த முறையை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. சின்ன முடிவைக்கூட மேலே இருப்பவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், மேலே இருப்பவரும் தனக்கு மேலே கேட்பார். மருந்து கொடுக்கும்போது ஒருவர் சரிபார்த்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். ஒரு மாணவி மனம் பழகி நாலு நோயாளியோடு நெருங்கும் நேரத்தில் அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

இவையெல்லாம் ஒழுங்குக்காக என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இவை வேதனையைக் கிட்டே வரவிடாமல் தடுக்கும் வேலிகள் என்றார் மென்சிஸ். 1960இல் அச்சான அந்தக் கட்டுரையில் அவர் வைத்த இன்னொரு குற்றச்சாட்டுதான் இந்தக் கதைக்கு முக்கியம். வேலிகள் பயத்தைக் குறைக்கவில்லை. பயத்தோடு வாழக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத்தான் பறித்தன. அழுகிற மாணவிக்குக் கிடைத்தது கண்டிப்பு. மூத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதல்ல காரணம். தங்கள் இளவயதில் யாரிடமும் சொல்லாமல் விழுங்கியது அவர்களுக்குள்ளும் கிடந்தது. அடுத்தவள் அழுகையைக் கேட்டால் அதுவும் மேலே வந்துவிடும். பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போனார்கள். அதிகமாக யோசிக்கிறவர்கள், நன்றாக வேலை செய்யக்கூடியவர்கள் அதில் நிறையப் பேர் இருந்ததாக மூத்தவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

செவிலியர் வரலாற்றில் இதைவிட முக்கியமான கட்டுரைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்பது என் கருத்து. ஆனால் அந்த மருத்துவமனை பெரிதாக மாறவில்லை. அடிப்படையைத் தொடாத சில்லறை மாற்றங்களைத்தான் செய்தார்கள் என்று மென்சிஸே எழுதினார்.

மாற்று வழி அதே டாவிஸ்டாக்கில், அடுத்த அறையிலேயே இருந்தது என்பதுதான் வருத்தம். மனப்பகுப்பாய்வு கற்கிறவர், தான் பார்க்கும் நோயாளியைப் பற்றி மூத்த ஒருவரிடம் வாராவாரம் போய்ப் பேச வேண்டும் என்ற வழக்கம் 1920இல் திறந்த பெர்லின் மனப்பகுப்பாய்வு மருத்துவமனையிலிருந்தே உண்டு. 1950களில் டாவிஸ்டாக்கிலேயே மனப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட், சாதாரணக் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்காரவைத்து, மனதை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். சமூகப் பணியாளர்களிடமும் இந்த வழக்கம் வேரூன்றியிருந்தது. அட்லாண்டிக்குக்கு அப்பால், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1954 முதல் மனநலச் செவிலியரைப் பயிற்றுவித்த ஹில்டகார்ட் பெப்லோ, நோயாளியோடு நடந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வரச் சொல்லி, மாணவியோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். நீ ஏன் இந்த இடத்தில் பேச்சை மாற்றினாய்? அவர் அழ ஆரம்பித்ததும் நீ ஏன் தலையணையைச் சரிசெய்யப் போனாய்?

பிரிட்டனில் மனநலச் செவிலியர்தான் இதை முதலில் எடுத்துக்கொண்டார்கள். மனநலத்தில் பேச்சே மருந்து என்பதால் அங்கே இது இயல்பாக ஒட்டியது. 1980களின் நடுவில் பிரிஜிட் ப்ராக்டர் என்ற ஆலோசனைத்துறை ஆசிரியை, இந்த வகைச் சந்திப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது என்று தெளிவாக எழுதிவைத்தார்: தொழில் நெறி பிசகாமல் பார்த்துக்கொள்வது, கற்றுக்கொடுப்பது, சோர்ந்தவரை மறுபடி நிமிர்த்துவது. இது செவிலியருக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் பிரிட்டிஷ் செவிலியர் ‘கிளினிக்கல் சூப்பர்விஷன்’ என்று எதைப் பேசினாலும் ப்ராக்டரின் இந்த மூன்றிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டோனி பட்டர்வொர்த்தும் ஜீன் ஃபாஜியரும் 1992இல் இதைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தார்கள். எல்லாச் செவிலியருக்கும் இது வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

அதற்குள் கிரந்தம் நடந்துவிட்டிருந்தது.

லிங்கன்ஷயரில் உள்ள சிறிய ஊர் கிரந்தம். அதன் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான நான்காம் வார்டில் 1991 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமல் மூச்சு நின்றது, இதயம் நின்றது. நான்கு குழந்தைகள் இறந்தார்கள். இன்னும் ஒன்பது குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு குழந்தையின் ரத்தத்தில், வெளியிலிருந்து ஏற்றினாலொழிய வர முடியாத அளவுக்கு இன்சுலின் இருப்பதைப் பரிசோதனைக்கூடம் கண்டது. அந்த வார்டில் ஆறுமாத ஒப்பந்தத்தில் வேலைபார்த்த பெவர்லி அல்லிட் என்ற செவிலி 1993 மே மாதம் தண்டிக்கப்பட்டார். பதின்மூன்று ஆயுள் தண்டனைகள். பயிற்சிக் காலத்தில் அவர் எடுத்த நோய்விடுப்பு ஏராளம். ஆள் பற்றாக்குறையில் தவித்த வார்டு அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

சர் செசில் கிளோதியர் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. அறிக்கை 1994 பிப்ரவரியில் வெளிவந்தது. இங்கே நின்று ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அல்லிட் வழக்கால்தான் கிளினிக்கல் சூப்பர்விஷன் பிறந்தது என்று பாடப்புத்தகங்களில் பலமுறை படித்திருப்பீர்கள். காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. மான்செஸ்டர் நூல் 1992. செவிலியர் எதிர்காலம் பற்றி அரசு வெளியிட்ட கொள்கை ஆவணம் 1993 ஏப்ரல்; அதிலேயே கிளினிக்கல் சூப்பர்விஷனைப் பற்றி நாடு முழுவதும் பேச வேண்டும் என்று இருக்கிறது. தீர்ப்பு வந்தது அதற்கடுத்த மாதம். கிளோதியர் அறிக்கையின் பரிந்துரைகளோ வேறு திசையில் போயின: வேலைக்கு எடுக்குமுன் உடல்நலச் சோதனை, நோய்விடுப்புப் பதிவு, குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைக்குச் சிறப்பு நிபுணர், அசம்பாவிதங்களை உடனே மேலிடத்துக்குத் தெரிவிப்பது. கொல்ல நினைத்து வருகிறவரை மாதம் ஒரு மணி நேரப் பேச்சு நிறுத்தாது. அது நிறுத்தும் என்று யாராவது சொன்னால், அது அந்த நான்கு குழந்தைகளின் குடும்பங்களுக்கு இழைக்கும் அநியாயம்.

வழக்கு உண்டாக்கியது அவசரத்தை. நாடே செவிலியரைச் சந்தேகத்தோடு பார்த்த அந்த மாதங்களில், ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. செய்யத் தயாராக ஒரு யோசனை மேஜையில் இருந்தது. இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரி இவோன் மூர்ஸ், பட்டர்வொர்த்தும் ஃபாஜியரும் எழுதிய நிலைப்பாட்டுக் கட்டுரையைப் பரிந்துரைத்து 1994இல் நாடெங்கும் கடிதம் அனுப்பினார். மனச்சுமை இறக்க என்று பிறந்த ஒன்று, ஒரு கொலை வழக்கின் நிழலில் நாட்டுக்கு அறிமுகமானது. அந்த நிழல் நெடுநாள் போகவில்லை.

வார்டுகளில் செவிலியர் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டாம். 1983க்குப் பிறகு மருத்துவமனைகளில் மேனேஜர்கள் ராஜ்யம். 1988இல் பணித்தர வகைப்பாடு வந்து, யாருக்கு எந்தத் தரம், எவ்வளவு சம்பளம் என்று அளந்ததில் மனக்கசப்பும் மேல்முறையீடுகளும் குவிந்தன. அந்த ரணம் ஆறுமுன்னே, மாதம் ஒருமுறை உன் வேலையைப் பற்றி மூத்தவரிடம் மனம்விட்டுப் பேசு என்றால்? பேசியது எந்த ஃபைலுக்குப் போகும் என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. பல இடங்களில் வார்டு மேனேஜரே சூப்பர்வைசராகவும் நியமிக்கப்பட்டார். விடுப்பும் பதவி உயர்வும் யார் கையிலோ, அவர் முன்னே உட்கார்ந்து ‘எனக்கு அந்த நோயாளியைக் கண்டாலே வெறுப்பாக இருக்கிறது’ என்று எந்தச் செவிலி சொல்வாள்?

செவிலியர் பதிவு வாரியமான யுகேசிசி 1996இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. இது நிர்வாக மேற்பார்வை அல்ல, ஒழுங்கு நடவடிக்கைக்கான கருவியும் அல்ல என்று அதில் கோடு போட்டது. ஆனால் கட்டாயமாக்கவில்லை. எந்த முறையில் செய்வது என்பதை அந்தந்த இடத்துக்கே விட்டது. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த ஆவணம் செவிலியருக்கும் சுகாதாரப் பார்வையாளருக்கும் மட்டும். மருத்துவச்சிகளுக்குத்தான் 1902 முதல் சட்டப்படியான மேற்பார்வை இருந்ததே!

சரியாக நடந்த இடங்களில் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது? நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தனியாகவோ ஐந்தாறு பேர் சேர்ந்தோ கூடுவார்கள். வார்டுக்கு வெளியே ஓர் அறை, கதவு சாத்தியிருக்கும். முதல் சந்திப்பிலேயே ஓர் ஒப்பந்தம்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், நோயாளிக்குத் தீங்கு நடந்திருந்தால் மட்டும் வெளியே போகும், அதையும் முதலில் பேசியவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

ஒரு செவிலி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இரவுப் பணியில் ஒரு பெரியவர் இறந்தார். மகள் தொலைவிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். அவசரப் பிரிவில் கட்டிலுக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். மேலிருந்து போன் மேல் போன். மகள் வந்து சேருமுன் உடலைச் சவக்கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்து மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தச் செவிலியால் அந்த முகத்தை மறக்க முடியவில்லை. மறுவாரம் அந்தக் கட்டிலுக்குப் போகும் வேலையையே வேறு ஆளிடம் தள்ளிவிட்டாள்.

நல்ல சூப்பர்வைசர் உடனே யோசனை சொல்ல மாட்டார். மகள் என்ன சொன்னாள், நீ எங்கே நின்றிருந்தாய், கையில் என்ன இருந்தது என்று கேட்பார். சொல்லச் சொல்ல அவள் உடைந்து அழலாம். அழ இடம் இருக்கும். கொஞ்சம் ஆறிய பிறகு, வழியிலேயே மகளுக்கு போன் செய்து சொல்லியிருக்கலாமோ, என்ன வார்த்தையில் சொல்லியிருக்கலாம் என்று பேச்சுத் திரும்பும். அங்கே அவள் கற்றுக்கொள்கிறாள். கடைசியாக, உறவினர் வருமுன் உடலை அனுப்பக் கூடாதென்று வார்டில் விதி இருக்கிறதா, இருந்தால் யார் மீறச் சொன்னது, இதை மேலே எழுதிப்போட வேண்டாமா என்ற கேள்வி வரும். ப்ராக்டர் சொன்ன மூன்று வேலையும் ஒரே சம்பவத்துக்குள் நடந்து முடிந்துவிடும். ஆனால் வரிசை முக்கியம். விதியை முதலில் கேட்டிருந்தால் மற்ற இரண்டும் நடந்தேயிருக்காது.

இதனால் பலன் உண்டா? பட்டர்வொர்த் குழுவினர் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 23 இடங்களில் ஆராய்ந்து 1997இல் அறிக்கை தந்தார்கள். சூப்பர்விஷன் கிடைக்காதவர்களிடம் மனச்சோர்வும், நோயாளியை மனிதராக எண்ணாத மரத்துப்போன தன்மையும் ஏறின. கிடைத்தவர்களிடம் ஏறாமல் நின்றன. மென்சிஸ் நாற்பது வருடத்துக்கு முன்பு பார்த்த அதே மரத்துப்போதல்தான் இங்கே எண்ணாக வந்தது. 2000இல் ஜூலி வின்ஸ்டன்லி 36 கேள்விகள் கொண்ட மான்செஸ்டர் அளவுகோலை உருவாக்கினார். பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. செவிலிக்கு நல்லது என்பதற்குச் சான்று சேர்ந்தது. நோயாளி இதனால் சீக்கிரம் குணமாகிறாரா என்று நிரூபிப்பது மட்டும் எவருக்கும் எளிதாக இல்லை. பட்ஜெட் போடுகிறவர்கள் அந்தச் சான்றைத்தான் கேட்டார்கள். செவிலி மனிதப் பிறவியாக நிலைத்து நிற்பது மட்டும் போதுமான காரணமாக அவர்களுக்குப் படவில்லை. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது மருத்துவச்சிகளிடம் திரும்ப வேண்டும்.

அவர்களின் மேற்பார்வை முறை உலகத்திலேயே பழையது என்ற பெருமை பிரிட்டனில் இருந்தது. அனுபவமுள்ள மருத்துவச்சி ஒருவர், சுமார் பதினைந்து பேருக்கு மேற்பார்வையாளர். வருடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் போனை எடுப்பார். ஆஸ்பத்திரி மறுத்த வீட்டுப் பிரசவத்துக்கு வழிசெய்யச் சொல்லித் தாய்மார்களே அவரைத் தேடிப் போனதும் உண்டு. உண்மையிலேயே பலருக்கு அவர் தோழிதான். புகார் வந்தால் விசாரணை அதிகாரியும் அவரே.

பாரோ நகரத்து ஃபர்னஸ் பொது மருத்துவமனையில் இந்த முறை உடைந்தது. அங்கே பிரசவப் பிரிவில் 2004 முதல் 2013 வரை நடந்தவற்றை டாக்டர் பில் கிர்க்கப் தலைமையிலான விசாரணை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. ஒழுங்கான கவனிப்பு இருந்திருந்தால் ஒரு தாயும் 11 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்றது. அதற்கு முன்பே, 2013 டிசம்பரில், சுகாதாரத் துறையின் குறைதீர்ப்பாளர் மூன்று குடும்பங்களின் புகார்களை எடுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சாவுகளை விசாரித்தவர்கள் மேற்பார்வையாளர்கள். விசாரிக்கப்பட்டவர்கள் அவர்களோடு கூட வேலைபார்த்த மருத்துவச்சிகள். ஆதரிப்பதும் விசாரிப்பதும் ஒரே ஆளிடம் இருப்பதால் அடிப்படையிலேயே முரண் இருக்கிறது, இரண்டையும் பிரியுங்கள் என்றார் அவர்.

1937 சுற்றறிக்கையில் விழுந்த முடிச்சு இதுதான். செவிலியர் 1990களில் பயந்தது, தோழி வேஷத்தில் அதிகாரி வந்துவிடுவாரோ என்று. பாரோவில் நடந்தது அதன் மறுபுறம்: விசாரணை அதிகாரி இருக்க வேண்டிய இடத்தில் தோழி உட்கார்ந்திருந்தார். முதலாவதில் செவிலி வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு உண்மை கிடைக்கவில்லை. விசாரணை தன் வழியில் கடுமையாக இருந்தால்தான் ஆதரவும் தன் வழியில் மென்மையாக இருக்க முடியும். இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டினால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டிலும் தோற்பார்.

சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனமான கிங்ஸ் ஃபண்டின் ஆய்வும் அதையே சொன்னது. செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சில் 2015 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. 2017 மார்ச் 31ஆம் தேதியோடு சட்டப்படியான மேற்பார்வை முடிவுக்கு வந்தது; 1902இல் தொடங்கி 115 ஆண்டுகள். அந்த ராத்திரி போன் அழைப்புகளுக்குப் பழகியிருந்த மருத்துவச்சிகள் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. புதிதாக வந்த ஏற்பாட்டில் விசாரணை அதிகாரம் அறவே கிடையாது. அதனுள் இருந்தவை ப்ராக்டரின் அதே மூன்று வேலைகளும், அவற்றோடு பணித்தரம் உயர்த்தும் நான்காவது ஒன்றும். சட்டப்படியான மேற்பார்வை இருக்கிறது என்பதற்காக 1996இல் எந்த முறையிலிருந்து அவர்களை விலக்கினார்களோ, அதே முறைக்கு அவர்கள் இருபத்தோரு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள். 2021 மார்ச்சில், பிரிட்டனில் கொரோனா இரண்டாம் அலை இறங்கிக்கொண்டிருந்தபோது, தலைமைச் செவிலிய அதிகாரி ரூத் மே அதே ஏற்பாட்டைச் செவிலியருக்கும் தொடங்கிவைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வீடியோ அழைப்பைக் காதருகே பிடித்துக்கொண்டு குடும்பங்களுக்கு விடைகொடுக்க வைத்த செவிலியர் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்களும் இருந்தார்கள்.

கேட்க ஆள் கிடைத்துவிட்டார்; பயிற்சியும் பெற்றுவிட்டார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமானால், வார்டில் அந்தச் செவிலியின் இடத்தில் இன்னொருத்தி நிற்க வேண்டும். ஆள் குறைந்த நாளில் முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்புதான். 1990களிலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். ஆகவே ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளி என்ற கணக்குக்குள் இறங்காமல் இந்தக் கதை நகராது. அந்த எண்ணைச் சட்டத்தில் எழுதிவைக்க 1999இல் துணிந்தது கலிஃபோர்னியா. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆஸ்பத்திரி முதலாளிகளும் கவர்னரும் ஒரு பக்கம், செவிலியர் சங்கம் இன்னொரு பக்கம் என்று நடந்த அந்தப் போராட்டம் அடுத்த இதழில்.

(தொடரும்)